ஒன்றாம் தேதிக்காரர்கள்

அந்தப் புரோகிராமைச் சோதித்துப் பார்க்க எனக்கு நான்கு வேலை நாட்கள் கிடைத்தன. டிசம்பர் முதல் வாரம், திங்கள் முதல் வியாழன் வரை. இரண்டாயிரமாம் ஆண்டைக் கணிப்பொறிகள் சேதமில்லாமல் கடந்துவிட்டன என்று எல்லோரும் மூச்சுவிட்டு ஓரிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அந்தத் திங்கட்கிழமைக்கு என் நாட்குறிப்பில் இரண்டே வரிகள்: "காலையிலிருந்து மழை. டெஸ்ட் ஆரம்பம்."

நெய்வேலியில், சுரங்கத் தொழிலாளர்களின் பணி விவரங்களை வைத்திருந்த ஓர் அலுவலகத்தில் கணிப்பொறிப் பிரிவில் இருந்தேன். ஓய்வுபெறப் போகிறவர்களுக்கு ஆறு மாதம் முன்கூட்டியே ஒரு கடிதம் போகும். இன்ன தேதியோடு உங்கள் பணி முடிகிறது, குவார்ட்டர்ஸை இன்ன நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று இருக்கும். அதுவரை அந்தக் கடிதங்களை எழுதிவந்தவர் அடுத்த அறையில் இருந்த சூப்பிரண்டு அம்மாள். அவரிடம் நீல அட்டை போட்ட பெரிய பதிவேடு ஒன்று இருந்தது. மாதக் கடைசியில் அதைத் திறந்து, விரலை ஓட்டி, பெயர் பெயராக எடுத்து எழுதுவார்.

ஜனவரியிலிருந்து அது வேண்டாம் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு, யாரும் அலுவலகத்துக்கு வருமுன்பே, சர்வரில் புரோகிராம் தானாக ஓடும். அந்த மாதம் யாருக்குக் கடிதம் போக வேண்டுமோ அவர்களை எடுத்து, அச்சடித்து வைத்துவிடும். பிறகு வருகிறவர் உறையிலிட்டு அனுப்பினால் போதும்.

பக்கத்தில் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற புரோகிராம் என்றால் திரையில் ஏதாவது விசித்திரமாகத் தெரிந்ததும் நிறுத்திவிடலாம். தனியாக ஓடுவது தப்பையும் அதே ஒழுங்கோடு செய்துமுடிக்கும். அதனால் சோதனையில் எதையும் விட்டுவிடக் கூடாது என்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? பிரிண்டரில் தாள் தீர்ந்தால்? ஒரே நாளில் இரண்டு முறை ஓடிவிட்டால் ஒருவருக்கே இரண்டு கடிதம் போகுமா? லீப் வருடத்து பிப்ரவரியில் கடைசி நாளைச் சரியாகப் போடுகிறதா? தேதி விஷயத்தில் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு பிடிவாதம் உண்டு. பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்த ஒருவரை ஆயிரக்கணக்கான பெயர்களில் தேடிப் பிடித்து, அவரை வைத்து மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

சோதனைக்கென்று ஏசி அறை மூலையில் ஒரு பழைய சர்வர் இருந்தது. அதில் எல்லோருடைய விவரங்களின் நகலையும் ஏற்றி, அதன் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளுவேன். ஒன்றாம் தேதி காலை ஆறுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வேன். புரோகிராம் ஓடும், பட்டியல் வரும், கடிகாரத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவேன். செவ்வாய் முற்பகலில் மட்டும் இரண்டு வருடம் போயிற்று. டவுன்ஷிப்பில் நான் அறிந்த பலர் மதியச் சாப்பாட்டுக்குள் ஓய்வுபெற்றுவிட்டார்கள்.

"உங்க பேரும் வந்துருச்சு மேடம்," என்றேன் சூப்பிரண்டு அம்மாளிடம்.

"எப்ப வந்துச்சு?"

"பதினொன்றரைக்கு."

"ஒரு டீ குடிச்சிட்டுப் போறேன்னு சொல்லு உன் மெஷின்கிட்ட," என்றார் பென்சிலைச் சீவியபடி. பட்டியலில் ஒவ்வொரு வரியையும் அவர் பென்சிலால் டிக் செய்து சரிபார்த்தார். ஒரு தவறும் இல்லை. வியாழன் மாலை கையெழுத்துப் போட்டார்.

அவருக்குக் கொடுக்குமுன் நான் ஒரு வேலை செய்திருந்தேன். அதை என் நோட்டில் ஒழுங்காக எழுதியும் வைத்திருக்கிறேன். விவரங்களை ஏற்றியபோது ஒன்று கண்ணில் பட்டது. ஜூன் ஒன்று, ஜூலை ஒன்று ஆகிய இரண்டு நாட்களில் மட்டும் நம்ப முடியாத அளவு ஆட்கள் பிறந்திருந்தார்கள். எந்த ஊரிலும் குழந்தைகள் இப்படி நாள் பார்த்துப் பிறப்பதில்லை. பிறந்த தேதி தெரியாத இடத்தில் யாரோ டேட்டா என்ட்ரி ஆள் வாய்க்கு வந்த தேதியை அடித்துவிட்டுப் போயிருக்கிறார், இவை பொய்ப் பதிவுகள் என்று எண்ணினேன். சோதனை சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா? எதற்கும் இருக்கட்டும் என்று, எந்த மாதமானாலும் ஒன்றாம் தேதியில் பிறந்தவர்கள் அத்தனை பேரையும் நகலிலிருந்து நீக்கினேன். "டம்மி பதிவுகள் நீக்கம்" என்று சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடும் இட்டிருக்கிறேன்.

என் அப்பா தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு ஜாதகம் உண்டு, பிறந்த நாழிகை உட்பட. பிறந்த தேதி என்பது பிறந்த தேதியாகத்தான் இருக்கும் என்பதைத் தாண்டி எனக்கு யோசனை போகவில்லை.

ஜனவரி ஒன்றில் புரோகிராம் முதல் முறையாகத் தனியே ஓடியது. காலையில் போனபோது கடிதங்கள் அடுக்காக இருந்தன. சூப்பிரண்டு அம்மாள் நீலப் பதிவேட்டை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார்.

*

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்புற வீட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருந்தது. வீட்டுக்காரர் கம்மாபுரம் பக்கத்துக்காரர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வகையில் வேலைக்கு வந்து, வெகுநாள் கழித்து பர்மனன்ட் ஆனவர். கீழே சுரங்கத்தில் நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நான் அவரை அண்ணே என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். இரு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு முள்கம்பி வேலி. பேச்செல்லாம் அதன் மேல்தான்.

பிப்ரவரி முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடித்து வந்த கையோடு அவர் வேலியருகே வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். நான் சோதித்த புரோகிராம் அச்சடித்த கடிதம். ஜூலை முப்பத்தொன்றோடு பணி முடிகிறது என்றிருந்தது.

"சரியா பாத்துச் சொல்லுங்க சார்," என்றார். "எனக்கு ஜூலை ஒண்ணாந்தேதி. ஒண்ணாந்தேதிக்காரங்க எல்லாம் முந்தின மாசமே போயிடுவாங்க. எங்க செக்‌ஷன்ல அப்படித்தான் போனாங்க. நான் ஜூன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"அதெல்லாம் கையால எழுதினப்ப அண்ணே. இது கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. நானே பாத்து டெஸ்ட் பண்ணினது, தப்பாது."

"அப்ப ஒரு மாசம் லாபம்."

பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா சிரித்தார். "ஜூலை ஒண்ணாம். இவரு பொறந்தது கார்த்திகை மழைல தம்பி. கோயில்ல ஞானஸ்நானப் பொஸ்தகத்துல அப்படித்தான் இருக்குது. பள்ளிக்கூடத்துல சேக்க போனப்ப வாத்தியாரு ஜூலை ஒண்ணுன்னு போட்டுக்கினாரு. அந்த வருசம் சேந்த புள்ளைங்க எல்லாத்துக்கும் ஒரே பொறந்த நாளு."

நாட்குறிப்பில் அன்று இதை எழுதியிருக்கிறேன். "பள்ளி ஆசிரியர்கள் பிறந்த தேதி வழங்கிய விதம் சுவாரசியமானது" என்று தொடங்கி அரைப் பக்கம். டிசம்பரில் நான் நீக்கிய பெயர்களையும் இந்த அரைப் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பல வருடம் கழித்து இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது, எழுதிய கையை நம்ப முடியவில்லை.

அக்காவுக்கு அந்தக் கடைசி நாள்மேல் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. அவர் கணவர் இருந்த செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வுபெறுகிறவரின் மனைவியை அன்றைக்குப் பிரிவு ஜீப்பில் அழைத்துப்போய், சுரங்கத்தின் விளிம்பில் இருக்கும் வியூ பாயிண்டில் நிறுத்திக் காட்டுவார்கள். பிறகு மாலை, இனிப்பு, வீடுவரை ஜீப்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மைன்ஸு மைன்ஸுன்னு ஓடிக்கினு இருக்காரு," என்பார். "சாப்பாடு கட்டிக் குடுக்கிறேன். எங்க குந்திக்கினு சாப்புடுறாருன்னு பாத்தது கெடையாது. ஒரு நாளாச்சும் பாக்கணும்."

"பாத்து என்னா பண்ணப் போற? மண்ணும் தூசியும்," என்பார் அவர்.

"ஏன், நான் வந்தா பெல்ட்டு நின்னுடுமா?"

அவர்கள் வீட்டு முன்னறையில் கோயிலில் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்கியது. கடிதம் வந்த அன்றே அக்கா ஜூலை முப்பத்தொன்றாம் தாளைத் தேடி ஓரத்தை மடித்துவிட்டார். காலண்டரின் வயிற்றில் அந்த மடிப்பு மட்டும் துருத்திக்கொண்டிருக்கும்.

ஏப்ரலில் அக்காவுக்கு உடம்புக்கு முடியவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். இன்றைக்கே நாளைக்கே என்றில்லை, ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது என்றார்களாம். ஜூன் என்று அண்ணன் முடிவு செய்தார். மே மாதக் கடைசியில் வேலியருகே என்னிடம் கணக்குச் சொன்னார்.

"ஜூன் முழுக்க லீவு போட்டுடறேன் சார். கூட இருந்து பாத்துக்குவேன். ஜூலை மொத தேதி டூட்டில சேந்துடுவேன். மாசக் கடைசிக்குள்ள அவ நடமாடுவாளாம், டாக்டரு சொல்லிட்டாரு. கூட்டிக்கினு போய்க் காட்டிடலாம்."

நல்ல ஏற்பாடு என்றேன்.

*

ஜூன் இரண்டாம் வாரம், புதன்கிழமை, சூப்பிரண்டு அம்மாள் என் மேசைக்கு வந்தார். வழக்கமாக என்னைத்தான் கூப்பிட்டனுப்புவார். கையில் ஒரு பணிப் பதிவேடு. ஜூலையில் போகிறவர்களின் கணக்கை முடிப்பதற்காக எடுத்தது.

"தம்பி, இவருக்கு ஜூலை ஒண்ணு. ஜூலை முப்பத்தொண்ணுன்னு லெட்டர் போயிருக்கு."

"ஆமா மேடம். பிறந்த மாசத்தோட கடைசி நாள். நீங்க சொன்னதுதான்."

"ஒண்ணாந்தேதி பொறந்தவனுக்கு முந்தின நாளோட வயசு முடிஞ்சிடும். முந்தின மாசக் கடைசிதான். இத யாராவது தனியா சொல்லுவாங்களா? எல்லாருக்கும் தெரிஞ்சது."

"எனக்குத் தெரியாது மேடம்."

"நான் அத்தனை லிஸ்ட்டும் டிக் பண்ணேனே. ஒண்ணாந்தேதிக்காரன் ஒருத்தன்கூட வரலயே. ஜூன் ஒண்ணுக்காரங்களுக்குப் போன வருசமே நான் கையால எழுதி மெஷின்லயும் ஏத்தியாச்சு, அதான் இதுவரைக்கும் தெரியல."

எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். அவர் பதிவேட்டை மூடினார்.

"நீ குடுத்தத நான் பாத்தேன் தம்பி. குடுக்காதத எப்படிப் பாக்கறது?"

அன்று மாலைக்குள் திருத்தக் கடிதங்கள் தயாராயின. அவரே உட்கார்ந்து நீலப் பதிவேட்டை இறக்கிச் சரிபார்த்தார். கடிதங்கள் அந்தந்தச் செக்‌ஷனின் ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீசுக்குப் போயின. வேலையில் இருந்தவர்கள் திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம் முன்னாலேயே மாலை வாங்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

பட்டியலில் பின்வீட்டு அண்ணன் பெயரும் இருந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். கதவில் பூட்டு. ஆபரேஷன் ஆகிவிட்டது, ஆனால் காய்ச்சல் இறங்கவில்லையாம், மகளும் அங்கேயே இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

பாண்டிச்சேரிக்குப் பஸ் இருக்கிறது. காலையில் போனால் மாலையில் திரும்பிவிடலாம். நாட்குறிப்பில் வியாழக்கிழமை, "நாளை பாண்டி போக வேண்டும்." வெள்ளிக்கிழமை, "நாளை போக வேண்டும்." ஞாயிற்றுக்கிழமை, "பாண்டி?" அதற்குப் பிறகு அந்தச் சொல் இல்லை. ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடப்பவரின் முன்னால் போய் நின்று, நீங்கள் பார்க்க நினைத்த நாள் ஜூன் முப்பதாம் தேதியாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். டைம் ஆபீசில் எப்படியாவது தகவல் சொல்லிவிடுவார்கள் என்றும் நினைத்தேன். இரண்டில் எது உண்மைக் காரணம் என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. அவருடைய திருத்தக் கடிதம் டைம் ஆபீஸ் பெட்டியில் அவருக்காகக் கிடந்தது.

ஜூலை ஒன்றாம் தேதி பிற்பகல் இரண்டரைக்கு எங்கள் பிரிவுக்கு ஃபோன் வந்தது. சர்வர் காலை ஆறு மணிக்கு ஓடி முடித்திருந்தது, அந்த முறை திருத்திய புரோகிராம். ஃபோனில் டைம் கீப்பர் பேசினார். "ஒருத்தரு செகண்ட் ஷிப்டுக்கு வந்து நிக்கிறாரு சார். லிஸ்ட்ல பேரு இல்ல. கையில உங்க லெட்டரு இருக்குது. வந்து பாத்துட்டுப் போங்க."

ஸ்கூட்டரில் போனேன். டைம் ஆபீஸ் வெளியே, சிமென்ட் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். காலைப் பஸ்ஸில் பாண்டியிலிருந்து வந்து, குளித்து, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் டிபன் கேரியர். பிப்ரவரிக் கடிதம் பாலிதீன் உறைக்குள் இருந்தது.

டைம் கீப்பர் ஜன்னலுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டரு வந்துருச்சு அண்ணே. கேட்டுக்குங்க," என்றார்.

"நேத்தே முடிஞ்சிடுச்சாம் சார்," என்றார் அண்ணன். "எனக்கே தெரியாம ரிட்டையர் ஆயிட்டேன்." சிரிக்க முயன்றார். "நேத்து நான் ஆஸ்பத்திரில கஞ்சி வாங்கிக்கினு இருந்தேன்."

"தப்பு என்னோடது அண்ணே."

"மெஷின் கணக்குன்னு சொன்னீங்க."

"மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான்."

அவர் கடிதத்தை உறைக்குள் சரியாக மடித்து வைத்தார். "அப்ப ஜீப்பு வராதா?" என்று கேட்டார். செகண்ட் ஷிப்டுப் பஸ் கீழே போய்விட்டிருந்தது. ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து வீட்டில் கொண்டுவிட்டேன். வழியெல்லாம் டிபன் கேரியர் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

ஜூன் முப்பது என்று பிப்ரவரியிலேயே தெரிந்திருந்தால் ஆபரேஷனை ஜூலைக்கு வைத்திருப்பார். அதை அவர் என்னிடம் ஒருபோதும் சொல்லவில்லை. நானே போட்ட கணக்கு இது. அக்கா தன் கால்களால் நடந்து ஜீப்பில் ஏறியிருப்பார். பார்த்திருப்பார். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்.

சூப்பிரண்டு அம்மாள்தான் வழி கண்டுபிடித்தார். வெளியார் சுரங்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எழுதிக் கேட்டால் பாஸ் தருவார்கள். "அவங்க ஜூலை முப்பத்தொண்ணுன்னுதானே நெனச்சிக்கிட்டிருக்காங்க? அந்தத் தேதிக்கே கேளு," என்றார். விண்ணப்பத்தை அவரே எழுதினார். ஜூலை முதல் வாரத்தில் அது மேலே போயிற்று. அண்ணனும் அக்காவிடம் தேதி மாறியதைச் சொல்லவில்லை. பிறகு தெரிந்தது, அவர் தினமும் மத்தியானம் டூட்டிக்குப் போய்விட்டு வருவதாக மகளிடம் சொல்லச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறார்.

காய்ச்சல் இறங்கவே இல்லை. ஜூலை மூன்றாம் வாரம், சனிக்கிழமை, அக்கா இறந்துபோனார். ஞாயிறு மாலை அடக்கம் செய்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் நான் கடைசி வரிசையில் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை பாஸ் வந்தது. ஜூலை முப்பத்தொன்று, மதியம் ஒன்று முதல் மூன்று வரை, வியூ பாயிண்ட் மட்டும், இருவர்.

அதைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் ஜூனில் சொல்லாமல் விட்டதைப் போல இதையும் விடக் கூடாது என்று மாலையில் எடுத்துக்கொண்டு போனேன். முன்னறையில் காலண்டர் ஜூன் மாதத்துத் தாளிலேயே நின்றிருந்தது. யாரும் கிழிக்கவில்லை. மடிப்பு அப்படியே துருத்திக்கொண்டிருந்தது.

அண்ணன் பாஸை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"ரெண்டு பேரு."

"ஆமா அண்ணே. முன்னாடியே எழுதிக் கேட்டது. இப்பதான் வந்துச்சு."

"பாப்பா வரமாட்டா. அவ புருசன் வூட்டுக்குப் போவணும்." பாஸை மடித்துக்கொண்டே, "நீங்க பாத்திருக்கீங்களா சார்?" என்றார்.

யோசித்துப் பார்த்தால், இல்லை. பிறந்தது முதல் அந்த ஊரில் இருக்கிறேன். சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களின் பிறப்பும் சேர்க்கையும் ஓய்வும் என் விரல் நுனியில் இருந்தன. டைம் ஆபீசைத் தாண்டி உள்ளே போனதில்லை.

"இல்ல அண்ணே."

"அப்ப நீங்க வாங்க."

முப்பத்தொன்றாம் தேதி அரைநாள் லீவு போட்டேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கேட்டில் இருந்த காவலர் அவரை அறிந்தவர். பாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆளுக்கொரு ஹெல்மெட் கொடுத்தார். "உங்களுக்கே விசிட்டர் ஹெல்மெட்டு குடுக்கிறேன் பாருங்க," என்று மட்டும் சொன்னார்.

வியூ பாயிண்டில் ஒரு கம்பித் தடுப்பும் கூரையும் இருந்தன. அதற்கு அப்பால் தரையே இல்லை. படிப்படியாக மண் வெட்டப்பட்டு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பள்ளம். அடியில் கறுத்த ஓர் அடுக்கு. அதன் ஓரத்தில் தண்ணீர் மின்னியது.

அண்ணன் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். பல மாதமாக மனசில் அடுக்கி வைத்திருந்ததை எடுத்து வைப்பது போல, நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக.

"அதோ பெரிய சக்கரம் சுத்துது பாருங்க, அதுதான் மண்ண வெட்டுது. இங்கேர்ந்து பாத்தா பொம்ம மாதிரி இருக்கும். கிட்டப் போனா நாலு மாடி ஒசரம். அந்தக் கருப்புக் கோடு போவுது இல்ல, அதான் பெல்ட்டு. அங்கேர்ந்து இங்க வரைக்கும் என்னோடது." விரல் அந்தக் கோட்டின் மேல் மெதுவாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. "அங்க தகரம் போட்ட கொட்டாய் ஒண்ணு தெரியுதா? அதுக்குப் பின்னால நெழலு இருக்கும். அங்கதான் குந்திக்கினு சாப்புடுவேன்."

எனக்குத் தகரக் கொட்டகை தெரியவில்லை. வெயிலில் எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. தெரிகிறது என்றேன்.

"மழ காலத்துல ஒழுவும். அப்ப பெல்ட்டுக்கு அடியில போயிடுவோம். கொழம்பு ஊத்தாம தனியா குடுன்னு சொல்றது அதுக்குத்தான். தூசி வுழுந்துடும்."

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. கீழே மிகச் சிறியதாகப் பஸ் ஒன்று வந்து நின்றது. ஆட்கள் இறங்குவது புள்ளிகளாகத் தெரிந்தது. அவர் பேச்சு நின்றது. சொல்ல வைத்திருந்தது தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. மூன்று மணிவரை பாஸ் இருந்தும் அவர், "போலாம்," என்றார்.

வியூ பாயிண்டிலிருந்து இறங்க ஏழெட்டு உடைந்த படிகள். அவர் முன்னால் ஒரு படி இறங்கி நின்று, திரும்பாமலே கையைப் பின்பக்கம் நீட்டினார்.

"பாத்து எறங்கு. கல்லு பேந்து கெடக்குது."

நீட்டிய கை அப்படியே இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு, பார்த்து இறங்கினேன்.